புதுப்பிப்பு: வீட்டு யோகா, இப்போது எந்த நிலையில்?

வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே யோகாவை ஆழப்படுத்துவது எப்படி என்று சித்திரையில் கேட்டிருந்தேன். புது ஆசனங்களைக் கூட்டாதே, மூச்சைக் கவனி என்று பலரும் சொன்னீர்கள். அதுதான் சரியான வழி. மனமார்ந்த நன்றி.

இப்போது சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளையும் மூச்சின் போக்கிலேயே செய்கிறேன். அதில் வரும் புஜங்காசனத்தில் (குப்புறப் படுத்துப் பாம்புபோலத் தலைதூக்கும் நிலை) மூச்சை இழுத்தபடி நெஞ்சு எழும்போது முழங்கை விலாவை ஒட்டியே இருக்கணும். தோள் காதுப்பக்கம் ஏறினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். இது கைவந்ததும் கீழ்முதுகின் இறுக்கம் நன்றாகவே குறைந்தது.

பிராணாயாமத்துக்குத் திருமந்திரக் கணக்கை ஒருவர் எழுதியிருந்தார்: இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை (கால அளவு). சொல்லித்தர ஆள் பக்கத்தில் இல்லாமல் தயவுசெய்து மூச்சை அடக்கப் போகாதீர்கள். நான் 4 எண்ணி இழுத்து, 8 எண்ணி விடுவதோடு சரி. அதற்கே மனசு அடங்குகிறது.

இடம், மொட்டை மாடிதான். மதுரை வெயிலுக்கு விடியும் முன்னே முடித்துவிடணும். ஜமக்காளம் வழுக்கியதால் கோரைப்பாய்க்கு மாறிவிட்டேன்.

அடுத்து சர்வாங்காசனம், அதாவது தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கி நிறுத்துவது. கழுத்தில் பாரம் இறங்கும் ஆசனம் என்பதால், நேரில் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பிறகே தொடங்குவேன். ஒத்தக்கடைப் பக்கம் நிதானமாகச் சொல்லித்தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.