சங்கம் கைகாட்டிய வேட்பாளரும் எதிர்ப்பக்கம் நின்ற தோழியும்

2008 ஜனவரியில் நான் லாஸ் வேகஸ் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தேன். சமையல் தொழிலாளர் சங்கமான கலினரி 226-இன் பணியிடப் பிரதிநிதியாகவும் இருந்தேன். ஏறத்தாழ 60,000 உறுப்பினர்கள் கொண்ட எங்கள் சங்கத்தின் ஆதரவைப் பெற ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்கள் மாதக்கணக்கில் வந்து போனார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநில உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் வென்ற மறுநாள், ஜனவரி 9 அன்று, சங்கம் பராக் ஒபாமாவை ஆதரிப்பதாக அறிவித்தது. எங்கள் நெவாடா மாநிலத்தின் காகஸுக்கு, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு, பத்தே நாள்தான் மிச்சம்.

அந்தக் காகஸில் ரகசிய வாக்கு இருக்கவில்லை. தான் விரும்பும் வேட்பாளரின் பக்கம் போய் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை நண்பகலில் வேலையில் இருப்பவர்களுக்காக, ஸ்ட்ரிப் சாலையின் சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே ஒன்பது இடங்களில் கூட்டம் நடத்தக் கட்சி முன்பே ஏற்பாடு செய்திருந்தது. எங்கள் அறிவிப்பு வந்த இரண்டொரு நாளிலேயே அந்த ஏற்பாட்டை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். ஜனவரி 17 அன்று நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அந்த வழக்கு எங்களை ஒன்றுசேர்த்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

19ஆம் தேதி கூட்ட அறைக்குள் நுழைந்தபோது, அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்மணி எதிர்ப்பக்கத்தில், கிளின்டன் அணியில் நின்றுகொண்டிருந்தார். 1991 முதல் 1998 வரை நீடித்த ஃபிரான்டியர் வேலைநிறுத்தத்தில் மறியலில் நின்றவர் அவர். சங்கத்தின் மீது அவருக்கு இருந்த பற்றை யாரும் குறைசொல்ல முடியாது. சீருடையில், என்னுடையதைப் போலவே, சங்கத்தின் வில்லை குத்தியிருந்தது. அருகில் சென்று கேட்டேன். "சம்பள ஒப்பந்தம் என்றால் சங்கம் சொல்வதைக் கேட்பேன். இதை நான் போன வருடமே முடிவு செய்துவிட்டேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஸ்ட்ரிப்பின் ஒன்பது இடங்களில் ஏழில் கிளின்டனே வென்றார். மாநில அளவில் அவருக்கு 51 சதவீதம், ஒபாமாவுக்கு 45. ஆனால் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகளின் கணக்கில் ஒபாமாவுக்கு 13, கிளின்டனுக்கு 12 என்று வந்தது. தலைமை முதலில் முடிவெடுத்துவிட்டு உறுப்பினர்களிடம் பிறகு பேசியதே எங்கள் பிழை என்பது என் உறுதியான கருத்து. மறுநாள் ஊழியர் உணவுக்கூடத்தில் வழக்கம்போல அந்தப் பெண்மணி எனக்கு எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தார். தேர்தலைப் பற்றி இருவருமே பேசவில்லை.

*

அண்ணா, உங்கள் 2008 அனுபவத்தைப் படித்தேன். 2020 காகஸில் நானும் இதே சங்கத்து உறுப்பினராகப் போய் நின்றேன். அந்த ஆண்டு பிப்ரவரி 13 அன்று, யாரையும் ஆதரிக்கப் போவதில்லை என்று சங்கம் அறிவித்தது. ஆனால் போட்டியிட்டவர்களில் ஒருவரான பெர்னி சாண்டர்ஸின், எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் திட்டம் வந்தால் நம் மருத்துவக் காப்பீடு பறிபோகும் என்ற துண்டறிக்கை அதற்கு முன்பே எங்கள் கைக்கு வந்திருந்தது. குடும்பத்தினரையும் சேர்த்து அப்போது ஏறத்தாழ 1,30,000 பேர் நம்பியிருந்த காப்பீடு அது. என் தாயாரின் சிகிச்சை முழுவதும் அதில்தான் நடந்தது. அதனால் நான் ஜோ பைடன் பக்கம் நின்றேன். என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் பெண் சாண்டர்ஸ் பக்கம் போனாள். "உன் காப்பீடும் போய்விடுமே" என்றேன். "எனக்கு இருக்கிறது, என் தம்பிக்கு இல்லையே" என்றாள். நெவாடாவில் அன்று சாண்டர்ஸ்தான் வென்றார்.