புதுப்பிப்பு: பள்ளி என்றாலே வயிற்றுவலி வந்த என் மகன்

எட்டாம் வகுப்பு மகனுக்குப் பள்ளி கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லோரும் நடிப்பு என்கிறார்கள் என்று ஜூன் மாதம் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, இரவிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். மகனைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். மறுமுனையில் இருந்த பெண், "நீங்கள் சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆகிறதம்மா?" என்றார். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. டாக்டர் படம் வரையச் சொன்னார். கரையில் கட்டிக்கிடக்கும் படகு ஒன்றை வரைந்தான். அதில் ஆளே இல்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் அவன் அப்பாவின் படகு சும்மா நிற்க, வீட்டில் தினமும் கடன் சண்டை. நாங்கள் மறந்துவிட்டோம், அவன் மறக்கவில்லை. தான் பள்ளியில் இருக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்திருக்கிறான். வலி உண்மைதான், பயம் பல பிள்ளைகளுக்கு வயிற்றுவலியாகத்தான் வருமாம்.

(மாமியார் மந்திரித்துத் தந்த கயிறும் அவன் கையில் இருக்கிறது. இருக்கட்டும்.)

இப்போது வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குப் போகிறான். திங்கட்கிழமை இன்னும் இழுபறிதான். கவுன்சலிங்குக்கு வர அவன் அப்பா மறுக்கிறார். ஆனால் விடியற்காலை கடலுக்குக் கிளம்பும்போது அவனை எழுப்பி, எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.