மண்பாதையில் பழகியவருக்கு முதல் சாலை பைக் எது?

செம்புழுதி:
வணக்கம். பள்ளி நாள்களிலிருந்தே மோட்டோகிராஸ் தடங்களிலும் காட்டுப் பாதைகளிலும் ஓட்டி வருகிறேன். இப்போது என்னிடம் இருப்பது 450 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக். ஆனால் பொதுச் சாலையில், மற்ற வண்டிகளுக்கு நடுவே நான் பைக் ஓட்டியதே இல்லை. உரிமம் பெற்றுவிட்டேன். வேலைக்குச் செல்லும் வழியில் பாதி நெடுஞ்சாலை, பாதி நெரிசல். விடுமுறையில் மலைச்சாலைகளில் ஓட்ட விரும்புகிறேன். சுஸுகி டிஆர்-இசட் 400 எஸ்எம், யமஹா எம்டி-07, யமஹா ஆர்6 ஆகிய மூன்றுக்கும் இடையே முடிவெடுக்க இயலவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கும்போது சிறிய பைக் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள்; சாலையைப் பொறுத்தவரை நீ புதியவன்தான் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பின் காரணங்களையும் அறிய விரும்புகிறேன்.

ஒற்றைச்சிலிண்டர்:
உங்கள் பட்டியலில் முதலில் உள்ளதை எடுங்கள். டிஆர்-இசட் 400 எஸ்எம் என்பது மண்பாதைக்காக உருவான ஒரு பைக்குக்கு 17 அங்குலச் சக்கரங்களும் சாலை டயர்களும் பெரிய முன் பிரேக்கும் பொருத்திச் செய்த சூப்பர்மோட்டோ. 398 சிசி, ஓட்டத் தயாரான நிலையில் 146 கிலோ. நிமிர்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில்பார், நீண்ட சஸ்பென்ஷன் எல்லாம் உங்கள் உடலுக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. மண்பாதை அனுபவம் உள்ளவர்கள் அந்த விபத்துகளில் சிக்கியவர்களிடையே குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைவாகவே இருந்தார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. பின் சக்கரம் நழுவும்போது பதறாமல் இருக்கும் பழக்கம் பணம் கொடுத்து வாங்கக்கூடியதன்று. அந்தப் பழக்கம் அப்படியே பயன்படக்கூடிய பைக்கைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

தார்ச்சாலை:
அதே அறிக்கையில் நீங்கள் விட்டுவிட்ட பகுதிகளும் உள்ளன. விபத்தில் சிக்கியவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டு சாலை அனுபவம் இருந்தும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட பைக்கை ஓட்டத் தொடங்கி 5 மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. பொதுவான அனுபவம் வேறு, கையில் இருக்கும் பைக்கோடும் அது ஓடும் இடத்தோடும் ஏற்படும் பழக்கம் வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது.

விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று, வேறொரு வண்டியோடு நடந்த மோதல்கள். அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்ற ஓட்டுநர் வழிவிடவில்லை. தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு. மோட்டோகிராஸ் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே வரும் கார் திடீரென்று உங்கள் குறுக்கே திரும்புவதில்லை. செம்புழுதி புதியவராக இருப்பது இந்த இடத்தில்தான். ஆகவே கைகால்கள் தம் வேலையைத் தாமே செய்துகொள்ள, கண்ணையும் மனத்தையும் முழுமையாகப் போக்குவரத்தின் மீது வைக்க எந்த பைக் இடம் தருகிறதோ அதுவே முதல் பைக். என் பரிந்துரை எம்டி-07. அது பெரிதாகத் தோன்றினால் கவாஸாகி நிஞ்ஜா 400.

ஒற்றைச்சிலிண்டர்:
உங்கள் அளவுகோலை நான் முழுமையாக ஏற்கிறேன். அதன்படியே பார்த்தாலும், கவனத்தைக் குறைவாகக் கேட்பது ஏற்கெனவே பழகிய வடிவமுள்ள பைக்தான் அல்லவா? புதிய எடை, புதிய இருக்கை நிலை, புதிய போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கற்கச் சொல்வது உங்கள் கொள்கைக்கே முரணாக இருக்கிறது.

உச்சச்சுழற்சி:
இருவரும் தேவைக்கு மீறி அஞ்சுகிறீர்கள் என்று கருதுகிறேன். 450 சிசி மோட்டோகிராஸ் பைக் ஏறத்தாழ 110 கிலோ எடையில் 50 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. எம்டி-07 தருவது 184 கிலோவுக்குச் சுமார் 73 குதிரைத்திறன். எடைக்கேற்ற ஆற்றலைக் கணக்கிட்டால் இவர் இப்போது ஓட்டுவதே எம்டி-07-ஐவிடக் கடுமையான பைக். அப்படிப்பட்டவர் எம்டி-07-ஐச் சில மாதங்களிலேயே விற்றுவிடுவார். ஆர்6-இன் சேஸி, பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் இந்தப் பட்டியலிலேயே உயர்ந்தவை. மேலும் 599 சிசி என்ஜின் அது. சுமார் 117 குதிரைத்திறன் என்றாலும் அந்த உச்ச ஆற்றல் என்ஜின் நிமிடத்துக்கு 14,500 சுழற்சியை எட்டும்போதுதான் வெளிப்படுகிறது. அதற்குக் கீழே மென்மையாகத்தான் நடந்துகொள்ளும். த்ராட்டிலைத் திருப்புவது ஓட்டுபவரின் கைதானே?

தார்ச்சாலை:
எடைக்கேற்ற ஆற்றலைப் பற்றிய உங்கள் கணக்கு சரியானது. ஆனால் அது கியர் விகிதத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. மோட்டோகிராஸ் பைக் தாழ்ந்த வேகத்துக்காகக் கியர் அமைக்கப்பட்டது. த்ராட்டிலை முழுவதும் திறந்தாலும் விரைவிலேயே அதன் எல்லை வந்துவிடும். ஆர்6 முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வேகம் இருமடங்கானால் நிற்கத் தேவைப்படும் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடிப்பவருக்குக்கூட 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டரும், 120 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 70 மீட்டரும் தேவை. ஆபத்தைக் கண்டு கை இயங்குவதற்குள் முதல் ஒரு விநாடியில் கடக்கும் 17 மீட்டரையும் 33 மீட்டரையும் இவற்றோடு தனியே கூட்ட வேண்டும்.

கீழே மென்மை என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் குறையாகக் காண்கிறேன். நெரிசலில் அந்த என்ஜின் சோம்பலாக இருக்கும். ஓட்டுபவர் அதை மேலே மேலே இழுப்பார். திடீரென்று ஆற்றல் வரும்போது அவர் ஏற்கெனவே மிகுந்த வேகத்தில் இருப்பார். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு அமைப்பு 2007-இல் வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது, ஆர்6 போன்ற சூப்பர்ஸ்போர்ட் பைக் ஓட்டுநர்களின் இறப்பு விகிதம் மற்ற வகை மோட்டார் சைக்கிள்களை ஓட்டுபவர்களைப் போல் சுமார் 4 மடங்கு.

உச்சச்சுழற்சி:
அந்தப் புள்ளிவிவரத்தில் உள்ளவர்களில் பெரும் பகுதியினர் இளைஞர்கள். செம்புழுதியைப் போலப் பல ஆண்டுகள் பைக் ஓட்டியவர்கள் அல்லர். பைக்கின் குற்றத்தையும் ஓட்டுபவரின் வயதையும் நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

தார்ச்சாலை:
வயது ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். அப்படியிருந்தும் நெரிசலில் நாள்தோறும் கைமணிக்கட்டில் பாரத்தைத் தாங்கி, குனிந்து, தலையை நிமிர்த்திப் பக்கவாட்டைப் பார்க்கச் சிரமப்படும் இருக்கை நிலையை வேலைக்குச் செல்பவருக்குப் பரிந்துரைக்க என்னால் இயலாது.

மலைவளைவு:
புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் பேச்சைப் பிரேக்கின் பக்கம் திருப்ப விரும்புகிறேன். மண்பாதையிலிருந்து வருபவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் சிக்கல் அதுதான். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

மண்ணில் பின் பிரேக் என்பது பாதி திசைதிருப்பும் கருவி. வளைவுக்குள் நுழையும்போது பின் சக்கரத்தைப் பூட்டி, வால் பகுதியை வெளியே சறுக்கவிட்டு, பைக்கைத் திருப்பி, பிறகு விடுவிப்பார்கள். மண்ணின் பிடிப்பு குறைவு என்பதால் விடுவிக்கும்போது சக்கரம் மெதுவாகத்தான் மீண்டும் பிடிக்கும். தார்ச்சாலையில் அதையே செய்தால் நடப்பது வேறு: பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கும் பின் சக்கரத்தை விடுவித்த கணத்தில் டயர் முழுப் பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும், பைக் சட்டென்று நிமிர்ந்து ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும். சாலையில் நேரும் விழுகைகளிலேயே கொடியது இதுதான். ஹர்ட் அறிக்கையும் இதைப் பேசுகிறது: விபத்தில் சிக்கியவர்கள் பின் பிரேக்கை மிகையாக அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

முன் பிரேக்கை மண்பாதைக்காரர்கள் அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மோட்டோகிராஸ் ஓட்டுநர் ஒரே விரலால் முன் பிரேக்கை மிக நுட்பமாகப் பிடிப்பார். அவருக்குப் பழக்கமில்லாதது, தார் எவ்வளவு பிடிப்பைத் தாங்கும் என்ற அளவு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது. அழுந்திய பிறகு அது முன்பைவிடப் பலமான பிரேக்கை ஏற்கும். எனவே நெம்புகோலை முதலில் மென்மையாகத் தொட்டு, சஸ்பென்ஷன் இறங்கியதை உணர்ந்தபின் தொடர்ந்து இறுக்கிக்கொண்டே போக வேண்டும். மண்ணில் முன் சக்கரம் மடங்கி விழுந்த நினைவு உடலில் ஊறியிருப்பவர், இன்னும் இறுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிறார். காலியான இடத்தில், நேர்கோட்டில், பலமுறை செய்து பார்த்தால் மட்டுமே இந்தத் தயக்கம் விலகும்.

இதனால்தான் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உள்ள பைக்கை மட்டுமே பரிந்துரைப்பேன். டிஆர்-இசட் 400 எஸ்எம்-இல் அது இல்லை. அதன் இடத்தில் வந்த டிஆர்-இசட்4எஸ்எம்-இல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2016 முதல் ஏபிஎஸ் கட்டாயம்.

ஒற்றைச்சிலிண்டர்:
மலைவளைவின் விளக்கம் அருமை. ஏபிஎஸ் பற்றிய கருத்தை ஏற்றுக்கொண்டு என் பரிந்துரையை டிஆர்-இசட்4எஸ்எம் என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் சூப்பர்மோட்டோ என்ற வகையை விட்டுக்கொடுக்க மாட்டேன். வளைவில் உடலை நிமிர்த்தி வைத்து பைக்கை மட்டும் கீழே சாய்க்கும் முறை, குறுகலான, பள்ளம் நிறைந்த சாலைகளில் தடையை விட்டு விலக மிகவும் விரைவானது. 2 விநாடிக்குள் விலக வேண்டும் என்றால் 150 கிலோ அளவிலான பைக்கா, 184 கிலோ பைக்கா எது எளிது என்று யோசியுங்கள்.

தார்ச்சாலை:
விலகுவதில் எடை குறைந்தது எளிது என்பது உண்மை. ஆயினும் நான் அஞ்சுவது வேறு. பைக் உங்கள் பழைய பைக்கைப் போலவே இருந்தால், நெருக்கடியில் உடலும் பழைய விடையையே தரும்: வலது கால் பின் பிரேக்கை மிதிக்கும், வளைவில் உள்பக்கக் கால் முன்னே நீளும். வடிவம் மாறிய பைக்கில் அமரும்போது, இது வேறு இடம் என்று உடலுக்கே ஒவ்வொரு முறையும் நினைவூட்டப்படுகிறது. தாய்மொழியை ஒத்த அண்டை மொழியில் பேசும்போதுதான் நாக்கு நம்மையறியாமல் பழைய சொல்லுக்குத் தாவுகிறது, இதுவும் அப்படித்தான்.

நெடுஞ்சாலையையும் நீங்கள் கடந்து போய்விட்டீர்கள். பாதி வழி நெடுஞ்சாலை என்கிறார். பழைய டிஆர்-இசட்டில் 5 கியர்தான், எரிபொருள் கலன் 10 லிட்டர், இருக்கை ஒடுங்கியது. ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வை நாள்தோறும் தாங்குவதைவிட 689 சிசி இரட்டைச் சிலிண்டர் மிகவும் இதமானது. 6,500 சுழற்சியிலேயே முழு முறுக்குவிசையும் கிடைப்பதால், அவருக்குப் பழகிய கீழ்ச்சுழற்சி இழுவையும் அதில் உண்டு.

செம்புழுதி:
அனைவருக்கும் நன்றி. ஆர்6-ஐப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். நெரிசலில் குனிந்து அமர்வது எனக்கு ஒத்துவராது. பின் பிரேக்கைப் பற்றி மலைவளைவு எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி இருக்கிறது: எம்டி-07 வாங்கினால், அதை ஓட்டும் காலத்தில் மோட்டோகிராஸ் பைக்கை ஒதுக்கி வைக்க வேண்டுமா?

மலைவளைவு:
வேண்டாம். வார இறுதியில் தடத்தில் ஓட்டுங்கள். சமநிலையையும் கிளட்ச் உணர்வையும் அது கூர்மையாக வைத்திருக்கும். ஆனால் தடத்திலிருந்து திரும்பி மறுநாள் சாலை பைக்கில் ஏறும்போது, போக்குவரத்துக்குள் நுழையும் முன் வெறுமையான சாலையில் சில முறை முன் பிரேக்கை நன்றாகப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். அந்தச் சில நிமிடங்களில் கையும் காலும் தாரின் பிடிப்புக்கு மாறிக்கொள்ளும்.

ஒற்றைச்சிலிண்டர்:
எம்டி-07 நல்ல பைக் என்பதில் ஐயமில்லை, வாழ்த்துகள். மலைச்சாலைக்கு இன்னும் 30 கிலோ குறைவான பைக்கையே நான் தேர்ந்தெடுத்திருப்பேன் என்ற கருத்தில் மாற்றமில்லை. எதையும் வாங்கும் முன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். குறிப்பாக மெதுவாக வட்டமடித்துத் திரும்பிப் பாருங்கள், எடை வேறுபாடு அங்கேதான் தெரியும்.

தார்ச்சாலை:
ஓட்டிப் பார்க்கச் சொன்னதில் நானும் உடன்படுகிறேன். இன்னொரு செய்தி: மோட்டோகிராஸில் டயர் காற்றழுத்தத்தை 12 முதல் 14 பிஎஸ்ஐ வரை வைத்துப் பழகியிருப்பீர்கள். எம்டி-07-க்கு முன்னே 33, பின்னே 36 பிஎஸ்ஐ. வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்துகொள்ளுங்கள். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 100 கிலோமீட்டருக்கேனும் வளைவுகளில் சாய்வைச் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள்.