மாவட்ட வாரியாக மரணக் காரணமும் தொழிலும்: கொழும்புக் கணக்கை எப்படி வாசிப்பது?

மட்டக்குளி மலர்:
வெளிவாரிப் பட்டத்துக்குப் புவியியல் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறேன். பகலில் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு வேலை. கொழும்பு, நுவரெலியா, அநுராதபுரம் மூன்றிலும் மக்கள் செய்யும் தொழிலுக்கும் மரணக் காரணத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் தலைப்பு. ஒரு பக்கம் சுகாதார அமைச்சின் வைத்தியசாலை மரணங்கள், மறுபக்கம் தொழிற்படை அளவீட்டில் விவசாயம், கைத்தொழில், சேவை என்ற பிரிப்பு. கொழும்பில் விவசாயம் பெயருக்குத்தான். இருதய நோயும் புற்றுநோயும் மலை போல் நிற்கின்றன. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவில் நேர்மாறு. 'உட்கார்ந்த வேலை ஆளைக் கொல்கிறது, கொழுந்து பறிப்பது காக்கிறது' என்று எழுதச் சொல்கிறது அட்டவணை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள் நான், அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார். எங்கே இடிக்கிறது?

பழைய கச்சேரி:
பிள்ளை, முதல் அட்டவணை ஆள் இறந்த இடத்தைச் சொல்கிறது, இரண்டாவது உயிரோடு இருப்பவர் குடியிருக்கும் இடத்தை. நுவரெலியா மாவட்டத்து மஸ்கெலியாக்காரருக்கு நெஞ்சு வலி வந்து, கொழும்பு தேசிய வைத்தியசாலை வரை கொண்டுவந்து உயிர் பிரிந்தால் மரணம் கொழும்பில்தான் பதிவாகும். புற்றுநோய்க்கு மஹரகம, சிறுநீரகத்துக்கு மாளிகாவத்தை, குழந்தைகளுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே. கடும் நோயாளிகளை நாடு முழுவதிலுமிருந்து அனுப்பும் இடங்களில் பல இந்த ஒரு மாவட்டத்துக்குள். வெளிமாவட்டத்தாரைப் பிரிக்காமல் அந்த அட்டவணையைத் தொடாதே.

அமைச்சின் கணக்கில் வருவது அரச வைத்தியசாலையில் இறந்தவர் மட்டும். கொழும்பில் வசதியுள்ளவர் தனியாரில் இறக்கிறார், தோட்டத்துக் கிழவர் லயத்திலேயே கண் மூடுகிறார். இருவரும் அதில் இல்லை. 1995 முதல் இருதய நோய்தான் முதலிடம் என்று வாசித்திருப்பாய், அது அரச வைத்தியசாலைக் கட்டிலில் இறந்தவர்களின் கணக்கு.

வீட்டில் இறந்தால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு பதிவாளரிடம் போவார்கள். பதிவாளர் வைத்தியர் அல்ல. வீட்டார் சொல்லும் 'முதுமை'யோ 'நெஞ்சடைப்பு'வோ பதிவேட்டில் ஏறிவிடும். சேவையில் இருந்த காலத்தில் 'முதுமை' என்று கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதை வைத்து ஒரு நோயையும் எண்ண முடியாது.

ஆமர் வீதி:
வயதையும் பாருங்கள். இளைஞர் வேலை தேடி வெளியேறும் மாவட்டத்தில் முதியோர் பங்கு கூடும். வயது வாரியாகச் சரிப்படுத்தாத வீதங்களை ஒப்பிட முடியாது.

லயத்துப் பெடியன்:
அக்கா, உங்கள் கடை வாசலிலேயே சிக்கல் நிற்கிறது. மூட்டை தூக்கும் நாட்டாமை அண்ணாமாரில் மலையகத்தார் இருக்கிறார்கள்தானே, அவர்கள் எந்த மாவட்டத் தொழிலாளர்? அளவீடு வீடுகளுக்குப் போகிறது, நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 வீடுகள். கடை மாடியில் படுப்பவரைத் தேடி யார் வரப்போகிறார்கள்? கேட்கும் வாரத்தில் 1 மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே 'தொழிலில் உள்ளவர்'. நெஞ்சு வருத்தம் ஒரு வாரத்தில் வருவதா?

மரணப் பத்திரத்தில் தொழிலுக்கு ஒரு கூடு இருக்கிறது. காலம் முழுக்கக் கொழுந்து எடுத்த என் பாட்டிக்கு அதில் எழுதியிருப்பது 'வீட்டுப்பணி'.

மட்டக்குளி மலர்:
அப்படியானால் அநுராதபுரத்தையும் விடவா? அங்கே விவசாயிகளுக்குச் சிறுநீரக நோய் உண்மைதானே?

பழைய கச்சேரி:
அதை விடாதே. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் அநுராதபுரம் உள்ள வடமத்திய மாகாணத்தில் வெளிப்பட்டபோது, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத நெல் விவசாயிகளிடம் அதிகமாகக் கண்டார்கள். அதற்கு மாவட்ட மரண அட்டவணை போதவில்லை. ஆட்களைச் சோதித்து, என்ன தொழில் என்று அவர்களிடமே கேட்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் எலிக்காய்ச்சலை எடு. இரத்தினபுரியில் வயலிலும் மாணிக்கக் குழியிலும் சேற்றுக்குள் நிற்பவருக்கு அது தொழில் நோய். வைத்தியர் கொடுக்கும் அறிவித்தல் நோயாளி குடியிருக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும், ஆகவே வைத்தியசாலை எங்கிருந்தாலும் கணக்கு ஊரை விட்டு விலகாது. தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடுகிறது. பக்கம் குறையும், ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம்.

மரண அட்டவணையே வேண்டுமென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் 'வழமையான வதிவிடம்' வாரியாகக் கேள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே.

மட்டக்குளி மலர்:
மேற்பார்வையாளருக்குத் தேயிலைதான் வேண்டும் ஐயா, எலிக்காய்ச்சலுக்கு முகம் சுளிப்பார். பத்தரமுல்லையில் உள்ள அந்தத் திணைக்களத்துக்குப் போய் முதலில் அட்டவணையைக் கேட்கிறேன். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா?

பழைய கச்சேரி:
தமிழிலேயே எழுது. உன் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதே.