திருகோணமலையில் ஒற்றை அறை: சாமான் வாங்குமுன் சுவரைத் தடவிப் பாருங்கள்

வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்கு வந்து, ஒரே அறையில் எதை எங்கே வைப்பது என்று முழிக்கிற தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. உவர்மலையில் ஒரு அனெக்ஸ்: வீட்டுக்காரரின் வீட்டை ஒட்டித் தனி வாசல், ஓர் அறை, மூலையில் அடுப்பு, குளியலறை, அவ்வளவுதான். ஸ்டூடியோ என்று தேடி அலையாதீர்கள், அனெக்ஸ் என்று கேளுங்கள். ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டால் மிரளவும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் சுவரைத் தடவிப் பாருங்கள், போதும்.

மதுரைக்காரன் எனக்குக் கடல்காற்று என்றால் லீவுக்குப் போய் வாங்கிவருகிற சமாச்சாரம். வந்தது ஆகஸ்டில். ஜன்னல் பக்கச் சுவரை முழுக்க அடைத்து ஒரு இரும்பு பீரோ, அதன் பக்கத்தில் மரத்தூளைப் பிசினோடு அழுத்திய பலகையில் செய்த புத்தக அலமாரி. அறை பார்க்க அம்சமாக இருந்தது. டிசம்பரில் பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். தரையில் நான்கு துருவளையம். அலமாரியின் அடிப்பலகை நனைந்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டையைப் பற்றிப் பேச வேண்டாம்.

விஷயம் இதுதான். மே முதல் செப்டம்பர் வரை இங்கே கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து, நிலத்தின் மேலாக, சூடாகவும் வறட்சியாகவும் வரும். அப்போது எந்தச் சுவரும் நல்ல சுவர்தான். அக்டோபருக்கு மேல் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவந்து அறையும். நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம். ஆகவே வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி: "ஐயா, மாரியில எந்தச் சுவர் ஊறும்?" கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள், எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

இப்போது ஊறும் சுவர் காலி. அங்கே சாய்த்து வைத்திருப்பது சுருட்டிய பாய் ஒன்றுதான், அதுவும் மாரியில் இடம் மாறிவிடும். துணி, புத்தகம் எல்லாம் வீட்டுக்காரர் வீட்டோடு பொதுவாக இருக்கும் உள்சுவரில். எதையும் சுவரோடு ஒட்டவிடாமல் ஒரு சாண் இடைவெளி. கதவு போட்ட பீரோவுக்குப் பதில் ஒரு கம்பியில் துணியை மாட்டி முன்னால் பருத்தித் திரை தொங்கவிட்டிருக்கிறேன். காற்று ஓடுகிறது, அறையும் பெரிதாகத் தெரிகிறது. மரச்சாமான்தான் வேண்டுமென்றால் பழைய முதிரை மேசை கிடைக்கிறதா பாருங்கள். தூக்க நான்கு ஆள் வேண்டும், ஆனால் உங்களுக்குப் பிறகும் இருக்கும். படம் மாட்ட இரும்பு ஆணி அடிக்காதீர்கள். துரு வடிந்து சுவரில் கோடு விழும், வீடு விடும்போது பெயிண்ட் காசு உங்கள் தலையில். பித்தளைக் கொக்கி போதும்.

மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், மிக்ஸி அப்படியே ஓடும். ஆனால் புதிய வீடுகளில் 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக்தான், அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காஸ் சிலிண்டரில் 12.5 கிலோவை விட்டுவிட்டு 5 கிலோ எடுத்தால் மேடைக்கு அடியிலேயே அடங்கும். கடையில் பீரோ என்றால் அலுமாரி, நாற்காலி என்றால் கதிரை, துடைப்பம் என்றால் தும்புத்தடி. கொசுவலை கேட்டு நான் அரைமணி நேரம் நடித்துக் காட்டினேன், அது நுளம்பு வலையாம்.

அலங்காரத்துக்கு எல்லோரும் சொல்வது பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட். இங்கே வேண்டாம். 2017இல் பக்கத்துக் கிண்ணியாவில் டெங்கு ஆட்களைக் கொண்டுபோன ஊர் இது. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடுவீடாக வந்து தேங்கிய தண்ணீரைத் தேடுவார். செடியை மண்ணில் வையுங்கள், தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். அதையும் வாசலில் வைக்கும்முன் யோசியுங்கள். கோட்டைப் பக்கம் தரைத்தளத்தில் இருக்கும் நண்பர் ஆசையாக வளர்த்த செம்பருத்தியை, காலையில் ஒரு புள்ளிமான் நிதானமாக நின்று தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அவர் விரட்டவில்லை, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.