ஓ.எல். இல்லாட்டி என்.வி.கியூ. கிடையாதாம்! யாரு சொன்னது?

லிந்துலை அக்கா:
ஞாயித்துக்கிழமை டவுன்ல பெற்றோர் கூட்டம். விசேட கல்வி அலகுல படிச்சு முடிக்கப்போற புள்ளைங்களுக்கு அடுத்து என்னா வழின்னு சொல்லப்போறாங்கன்னு கூப்பிட்டாங்க. மைக்கைப் புடிச்ச ஒரு ஆளு, "ஓ.எல். (சாதாரண தரம்) இல்லாத புள்ளைக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) கிடையாது. உதவிப்பணத்தை எடுத்துக்கிட்டு வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அவ்வளவுதான் கூட்டம்.
எங்க அக்கா மகனுக்கு 17 வயசு. மனவளர்ச்சி குறைவு. காசு எண்ணத் தெரியாது. ஆனா தவறணையில, அதான் தேயிலைக் கன்னு வளக்கிற இடத்துல, கொண்டுபோய் விட்டா மண்ணைச் சலிச்சு, பையில போட்டு, ரெண்டு விரலால அமுக்கி, மேல ஒரு விரக்கடை இடம் விட்டு வரிசையா அடுக்குவான். ஒரு பை கோணலா நின்னா போதும், எடுத்துத் திருப்பி வச்சாத்தான் அவனுக்கு நிம்மதி. இவனை வீட்டுல பூட்டி வைக்கச் சொல்ல அவரு யாருங்க?

ஓய்வுபெற்ற சேர்:
"மைக்கைப் பிடித்த ஆள்" அடியேன்தான். தங்கச்சி பின்வரிசையில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்ததை நானும் கவனித்தேன். பூட்டி வைக்க என்று நான் சொல்லவில்லை. பயிற்சி நிலையங்களின் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். சாதாரண தரத்தில் இத்தனை பாடம் சித்தி என்று அச்சடித்திருக்கும். ஓ.எல். இல்லாமல் என்.வி.கியூ. இல்லை. இதைச் சொல்வது குற்றமா?

பதுளைப் பையன்:
சேர், விளம்பரம் போடுறது பயிற்சி நிலையம். தகுதி கேக்கிறதும் அந்தந்தப் பாடநெறி. என்.வி.கியூ.ன்னா 1ல இருந்து 7 வரைக்கும் மட்டம் இருக்கு. கீழ் மட்டத்துக்கு நீங்க சொல்ற கட்டாயம் கிடையாது. கோர்ஸே படிக்காம, செய்யுற வேலையை மதிப்பீட்டாளருக்குச் செஞ்சு காட்டியும் வாங்கலாம். முன்கற்றல் அங்கீகாரம்னு பேரு. எங்க சித்தப்பா எட்டாம் வகுப்பு. மேசன் வேலைக்கு மட்டம் 3 வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்காரு.

ஓய்வுபெற்ற சேர்:
உங்கள் சித்தப்பாவுக்கு மனவளர்ச்சிக் குறைபாடா?

பதுளைப் பையன்:
குடும்பத்தை இழுக்காதீங்க சேர். மரியாதையா சொல்றேன்.

ஓய்வுபெற்ற சேர்:
இழுத்தது நீங்கள். நான் கேள்விதான் கேட்டேன்.

பேராதனை மிஸ்:
ஒரு நிமிஷம். நாம முதல்ல யாரைப் பத்திப் பேசுறோம்? மெதுவா படிக்கிற பிள்ளை, டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், காது கேக்காத பிள்ளை, எல்லாரையும் ஒரே அலகுல உக்கார வச்சிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் வழி வேற வேற. அதைப் பிரிச்சுப் பேசாம ஓ.எல்.லையே புடிச்சுத் தொங்கினா எப்படி?

ஓய்வுபெற்ற சேர்:
மிஸ், விஷயத்தை மாற்ற வேண்டாம். ஓ.எல். வேண்டுமா, வேண்டாமா?

லிந்துலை அக்கா:
வேண்டாம்.

ஓய்வுபெற்ற சேர்:
வேண்டும்.

டொரொன்டோ மாமா:
எல்லாருக்கும் வணக்கம். இங்க கனடாவுல அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்துல 1987ல இருந்தே இந்த மாதிரிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோட ஒரே வகுப்புல உக்காருறாங்க. அமெரிக்காவுல 2008ல சட்டமே வந்துருச்சு. ஹைஸ்கூல் டிப்ளோமா இல்லாட்டியும் அங்கீகாரம் உள்ள திட்டத்துல சேந்தா அரசாங்க உதவிப்பணம் எடுக்கலாம். நம்ம ஆளுங்க இன்னும் ஓ.எல்.லைத் தாண்டல.

மடுவத்து அண்ணன்:
மாமா, ஸ்னோ எல்லாம் எப்படி? இங்க தோட்டத்து லயத்துல இருந்து மெயின் ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம். அல்பேர்ட்டாவுக்கு எத்தனையாம் நம்பர் பஸ்?

டொரொன்டோ மாமா:
நானும் அந்த லயத்துல பொறந்தவன்தான் தம்பி.

மடுவத்து அண்ணன்:
அதான் மாமா, கோயில் கூரைக்கு அனுப்புறேன்னு சொன்ன காசு இன்னும் வரல.

ஓய்வுபெற்ற சேர்:
கோயில் கூரையை விடுங்கள். ஒருவர் ஆகாயத்தில், ஒருவர் சித்தப்பாவோடு, ஒருவர் கூரையில். கட்டாயக் கல்வி 2016இல் இருந்து 16 வயது வரைக்கும். அதற்குப் பிறகு பிள்ளையை வைத்திருக்க எந்தப் பாடசாலைக்கும் கட்டாயம் இல்லை. ஏ.எல். (உயர்தரம்) எழுத ஓ.எல். வேண்டும். பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு விசேட அனுமதி உண்டுதான், அதற்கும் ஏ.எல். சித்தி வேண்டும். அரச சேவையில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லி 1988இல் சுற்றறிக்கை வந்தது. அதிலும் பதவிக்குரிய கல்வித் தகைமை கேட்பார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருந்து ஓ.எல். என்றுதான் சத்தம் வரும். நான் பெற்றோருக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. ஓ.எல். எழுதப் பழக்குங்கள், மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பியுங்கள் என்றும் அன்று சொன்னேன். அது தங்கச்சியின் காதில் விழவில்லை.

லிந்துலை அக்கா:
சொல்லல. நான் ரெகார்ட் பண்ணி வச்சிருக்கேன். போடவா?

ஓய்வுபெற்ற சேர்:
அனுமதி இல்லாமல் பதிவு செய்வது எந்த ஊர்ப் பண்பாடு?

பதுளைப் பையன்:
சேர், மாற்றுத்திறனாளிகள் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு. இயலாமையைக் காரணம் காட்டி கல்வி நிறுவனத்துல சேக்குறதுல பாரபட்சம் காட்டக்கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பத்தின ஐ.நா. சாசனத்துக்கும் இலங்கை 2016ல ஒப்புதல் குடுத்தாச்சு. 24ஆம் உறுப்புரையில தொழிற்பயிற்சி, வளந்தவங்க கல்வி எல்லாமே வருது. அந்தச் சட்டம் வந்தப்போ நீங்க சர்வீஸ்லதானே இருந்தீங்க?

ஓய்வுபெற்ற சேர்:
சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஓ.எல். விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. தம்பி எதை நிரப்பப் போகிறார்?

கண்டி கணக்கன்:
சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்குன்னே பயிற்சி நிலையம் நடத்துது. சீதுவையில இருக்கு, நம்ம பக்கம் வத்தேகமையில இருக்கு. டி.எஸ். ஆபீஸ்ல (பிரதேச செயலகத்துல) சமூக சேவை உத்தியோகத்தரைப் புடிச்சா விண்ணப்பப் போம் குடுப்பாங்க. இதை ஏன் சேர் கூட்டத்துல சொல்லல?

ஓய்வுபெற்ற சேர்:
அது வேறு. அங்கே எடுப்பதை நான் மறுக்கவில்லை. நான் பேசியது என்.வி.கியூ. பற்றி.

லிந்துலை அக்கா:
தாய்மாருக்கு என்.வி.கியூ.வா முக்கியம்? எங்க அனுப்பலாம்னுதானே கேக்க வந்தோம்! வத்தேகமைங்கிற பேரே எங்க அக்கா காதுல இப்பத்தான் விழுது. சரி, அங்க தமிழ்ல சொல்லிக்குடுக்க ஆள் இருக்கா? அவனுக்குத் தமிழே மெதுவாச் சொன்னாத்தான் வெளங்கும். ராத்திரி தங்குறதுன்னா தாய் விடுமா?

பேராதனை மிஸ்:
நல்ல கேள்வி அக்கா. மொழியும் தங்குறதும்தான் மலையகப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை. தோட்டத்துக்குள்ளயே தவறணை, பேக்கரி, தையல்னு பழக்கி, மதிப்பீட்டாளரை இங்க கூப்பிட முடியுமான்னு...

ஓய்வுபெற்ற சேர்:
மதிப்பீட்டாளர் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். பாதுகாப்பு விதி கேட்பார். அந்தப் பிள்ளை பதில் சொல்லுமா? சொல்லாது. அப்போது யார் பொறுப்பு? மிஸ்ஸா?

லிந்துலை அக்கா:
அவனை நீங்க பாத்ததே இல்ல. "சொல்லாது"ன்னு எப்படி எழுதுறீங்க? அவன் அது இல்ல, அவன்.

மடுவத்து அண்ணன்:
சேர், வீட்டுல வச்சிருக்கச் சொன்னீங்களே, அந்த மாச உதவிப்பணம் 7,500ல என்னா வாங்கலாம்?

கண்டி கணக்கன்:
7,500 இல்ல. 2025 பட்ஜெட்ல 10,000 ஆக்கிட்டாங்க.

மடுவத்து அண்ணன்:
எங்க தோட்டத்துல ஒருத்தருக்கும் 10,000 வரல.

கண்டி கணக்கன்:
பேங்க் புத்தகத்தைப் பதிஞ்சு பாருங்க. பாக்காம பேசக்கூடாது.

மடுவத்து அண்ணன்:
கண்டியில இருந்து சொல்றது லேசு. இங்க பேங்குக்குப் போனா ஒரு நாள் பேரு போயிரும். அந்த நாள் சம்பளத்தை யாரு தருவா, நீங்களா?

ஓய்வுபெற்ற சேர்:
பாருங்கள், கடைசியில் சம்பளப் பிரச்சினைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு எதைத் தொடங்கினாலும் அங்கேதான் முடியும். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் இன்று அதிபர்கள், ஒருவர் டொக்டர். எனக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறார்கள்.

பதுளைப் பையன்:
அந்த டொக்டருக்கு ஓ.எல். இருந்துச்சு சேர். இல்லாத புள்ளைங்களை எந்த வரிசையில உக்கார வச்சீங்க? நான் உங்க வகுப்புல இருந்தவன். கடைசி பெஞ்சுக்கு நீங்க வச்ச பேரு எனக்கு ஞாபகம் இருக்கு.

ஓய்வுபெற்ற சேர்:
ஓ, அவரா நீங்கள்! இப்போது விளங்குகிறது. கணிதத்தில் எத்தனை தரம் எழுதினீர்கள் என்றும் சொல்லிவிடலாமே.

பதுளைப் பையன்:
ரெண்டு. இப்ப என்.வி.கியூ. மட்டம் 4. வேலையில இருக்கேன்.

ஓய்வுபெற்ற சேர்:
ஆக, ஓ.எல். எடுத்த பிறகுதான் மட்டம் 4. நன்றி. என் வாதம் அதேதான்.

பதுளைப் பையன்:
ஐயோ சேர்!

டொரொன்டோ மாமா:
கூரைக் காசு போன மாசமே அனுப்பிட்டேன். பொருளாளரைக் கேளுங்க.

மடுவத்து அண்ணன்:
பொருளாளர் நம்ம சேர்தானே?

ஓய்வுபெற்ற சேர்:
கணக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். இங்கே அல்ல. ஓ.எல். இல்லாமல் என்.வி.கியூ. இல்லை.

லிந்துலை அக்கா:
செவ்வாய்க்கிழமை டி.எஸ். ஆபீஸுக்கு அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். வத்தேகமை போம் வாங்கணும். தாய்மார் யாராவது வர்றதுன்னா சொல்லுங்க. ஆட்டோ காசைப் பங்கு போட்டுக்கலாம்.

ஓய்வுபெற்ற சேர்:
அந்தப் படிவத்திலும் கல்வித் தகைமை என்று ஒரு கட்டம் இருக்கும்.