ஒரு குழந்தையின் ரத்தத்தில் எத்தனை ஃபால்சிபாரம் (மலேரியா ஒட்டுண்ணி) குளோன்? எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

குளோனுக்குக் குளோன் நீளம் மாறும் எம்எஸ்பி-2 மரபணுவை வைத்துக் குளோன் (ஒட்டுண்ணியின் மரபுவகை) எண்ணும்போது எல்லோரும் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத்தான் திட்டுவார்கள். பாதிக் கோளாறு ரத்தத்துளியைக் காயவிடும் வடிதாளிலேயே ஆரம்பித்துவிடும். ரத்தம் தாளின் மறுபக்கம் வரை ஊறியிருக்கணும். இரவு முழுக்க நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு தாளையும் தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும்.

கணக்கைப் பாருங்கள்: தாளில் குத்தி எடுக்கும் 3 மி.மீ. துளைத் துண்டில் சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். மைக்ரோலிட்டருக்கு 100 ஒட்டுண்ணி என்றால் மொத்தம் 300. அதில் 1% இருக்கும் குளோனுக்கு மூன்றே பிரதி. பிரித்தெடுத்த டிஎன்ஏவில் பத்தில் ஒரு பங்கைத்தான் குழாயில் விடுகிறீர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

துளைப்பானை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றுத்தாளில் சில தடவை குத்தி எடுக்கணும். இரண்டு சுற்றாகப் பெருக்கும் நெஸ்டட் பிசிஆரில் முந்தைய குழந்தையின் துகள்கூடப் புதுக் குளோனாகத் தெரியும்.

*

கூட்டுவதிலும் கோட்டை விடுகிறார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணிக்கு ஒற்றைத் தொகுதி குரோமோசோம்தான். அதனால் ஒரு குளோனுக்கு ஜெல்லில் ஒரே பேண்ட் (டிஎன்ஏ கோடு). எம்எஸ்பி-2-க்கு இரண்டு வகைக் குடும்பங்கள்: எஃப்சி-27 குடும்பத்தில் 2 பேண்ட், 3டி7 குடும்பத்தில் 3 பேண்ட் என்றால் குறைந்தது 5 குளோன். ஆனால் இன்னொரு மரபணுவான எம்எஸ்பி-1 காட்டும் 3-ஐ இதோடு சேர்க்கக்கூடாது. இரண்டில் பெரிய எண்தான் கணக்கு. 2% அகரோஸ் ஜெல்லில் 10 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) வித்தியாசமுள்ள இரண்டு துண்டுகள் ஒரே தடித்த பேண்டாக உட்கார்ந்திருக்கும். மெல்லிய குழாயில் துண்டு நீளம் அளக்கும் கேப்பிலரிக் கருவியில் பிரியும், ஆனால் அங்கே பிசிஆர் பிழையால் வரும் நிழல் சிகரங்களைக் குளோன் என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

இன்னொன்று: முதிர்ந்த ஒட்டுண்ணிகள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதால், 48 மணி நேரச் சுழற்சியில் இன்று விரல்நுனியில் இல்லாத குளோன் நாளை வரலாம். அதற்காக நோயுற்ற குழந்தைக்கு மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது. கிடைத்த எண்ணைக் குறைந்தபட்சம் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

*

மருந்துத்திறன் ஆய்வில் இந்த விட்டுப்போன குளோன்தான் வினை. மருந்து தொடங்கும் 0-ஆம் நாளில் தெரியாமல் இருந்தது 28-ஆம் நாளில் தலைகாட்டினால் புதுத்தொற்று என்று பதிவாகும். தோற்ற மருந்து தப்பித்துவிடும். நீளமான துண்டுகளுக்கு இது அதிகம், ஏனென்றால் குட்டைத் துண்டுதான் பிசிஆரில் முந்தும். குளோன் நிறைய உள்ள குழந்தையிடம் நேர்மாறும் நடக்கும்: பரவலான ஒரு அலீல் (மரபணு வடிவம்) தற்செயலாக ஒத்துப்போய், புதுத்தொற்று பழையதாகிவிடும். ஒரே குழந்தையின் இரண்டு நாள் மாதிரிகளையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள். வேறு வேறு ஜெல் படங்களை வைத்து ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும்.